லோடுவின் காலுக்காக ஏல வாசலில் நின்றவள்

அப்பு,

உன் அக்கா மகன் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்து வருசம் முடியவில்லை, அதற்குள் அவனுக்குக் கீழே ஆறு பேரை வைத்திருக்கிறார்கள். உன் தங்கை மகள் நர்சுப் படிப்பில் கல்லூரியிலேயே இரண்டாவதாக வந்து, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு நிற்கிறாள். உன் மகன் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கைப் பாடம் பாடமாக நான் இன்னும் மனப்பாடமாகச் சொல்லுவேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏலக்காய் பொறுக்க உட்கார்ந்தவள் நான். பேரப்பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தால், எதிரே இருப்பவர்கள் சோலி இருக்கிறது என்று எழுந்து போகிறவரை நிறுத்த மாட்டேன் என்பது உனக்கே தெரியும். இந்த வரிசையில் இன்னொன்றையும் எழுதுகிறேன். உன் மகள் தாரணி, ஜீப்பில் அடிபட்ட ஒரு நாயை மூன்று காலில் ஓட வைத்திருக்கிறாள். கடைசியில் எழுதியதால் இது சின்னது என்று நினைத்துவிடாதே. கடைசியில் எழுதியதற்குக் காரணம் என் வெட்கம். மற்ற மூன்றையும் எழுதிக் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் இதற்கு வர முடிந்தது.

நீ அவளோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். நாலு வரிக்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கேஸை மூடினேனா என்று பார்க்கிறேன், வாசலுக்கு வந்து மழை விட்டதா என்று பார்க்கிறேன், கொடியில் காயாத துணியைத் திருப்பிப் போடுகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். இந்த மாதக் கடைசியில் தாரணி வயநாட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு வருசம் தங்கி, ஆபரேஷன் நடக்கும்போது டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவுகிற வேலையைப் படிக்கப் போகிறாள். அவள் பஸ் ஏறுவதற்குள் நீ அவளோடு பேச வேண்டும். கடிதத்தில் விசயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம், இதைக் கேட்க வேண்டிய ஆள் ஏன் நான் என்பதற்காக. உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை நம் பின்கட்டில் காய் பொறுக்கும் பெண்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நீயும் உன் வீட்டில் எல்லார் முன்னாலும் வாசிக்கலாம். ஊர் காதுபட நான் சொன்ன ஒரு சொல்லை ஊர் காதுபடத்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

காலேஜ் பரீட்சை முடிந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் அவள் என்னிடம் வந்தாள். பெங்களூரில் வேலைக்கு ஆர்டர் கையில் இருந்தது. ஒரு நாள் காலையில் குரங்கணிக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினவள், மத்தியானம் சுடிதாரெல்லாம் ரத்தமாக வாசலில் வந்து நின்றாள். எங்கே அடி என்று அவள் கையைக் காலைத் தடவிப் பார்த்தேன். அவள் ரத்தம் இல்லை. எஸ்டேட்டுக்குப் பெண்களையும் உர மூட்டையையும் சேர்த்து ஏற்றிப் போன ஜீப்பு ஒரு நாயின் பின்னங்காலில் ஏறிவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் நிறுத்தச் சொல்லியும், டிரைவர் லோடு இருக்கு, வெரசா போகணும் என்று கத்திவிட்டுப் போனானாம். இவள் நாயைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு, சிலமலைப் பக்கம் சேவியர் தம்பியிடம் சேர்த்துவிட்டு வந்திருக்கிறாள். நாய்க்கு லோடு என்றே பெயரும் வைத்துவிட்டாள். மிளகு யாவாரம் பார்த்த சேவியரை உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது யாவாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, காப்பி காயப்போடுகிற களத்தைச் சுற்றி வேலி அடைத்து நாய்களை வைத்திருக்கிறார். காய் எடுப்பு முடிந்து ஆட்கள் மலையிறங்கும்போது விட்டுவிட்டு வந்தவை, ஜீப்பில் அடிபட்டவை, சொறி பிடித்தவை, கண் போனவை. சோறு போட அவரால் முடியும், வைத்தியம் பார்க்க முடியாது. லோடுவின் காலுக்குப் பிளேட் வைக்கக் கால்நடை டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டபோது, என் முட்டிக்கே யாரும் இவ்வளவு செலவழிக்கவில்லையே என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். தாரணி சிரித்துக்கொண்டே, "உன் முட்டி மேல ஜீப்பு ஏறட்டும் அப்பத்தா, உனக்கும் உண்டியல் டப்பா தூக்குறேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் இருந்தேன். பால்பவுடர் டப்பா ஒன்றின் மேல் காகிதம் ஒட்டி, "லோடுவின் காலுக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஏலக்காய் ஏலம் நடக்கிற நாள் பார்த்து ஏல வாசலில் போய் நின்றுவிட்டாள். உன் அப்பா முப்பத்தெட்டு வருசம் வெள்ளைச் சட்டை கசங்காமல் ஏறி இறங்கின வாசல். வந்தவர் போனவரிடமெல்லாம் நாய் பெயரைச் சொல்லி, எங்கே அடிபட்டது, எந்த எலும்பு, என்ன வைத்தியம் என்று வகுப்பு எடுத்திருக்கிறாள். சிலர் போட்டார்கள். சிலர், மனுசனுக்கே இல்லையாம் என்று போனார்கள். நான் எண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது தங்கவேல் அண்ணாச்சி, ஏலத்தில் உன் அப்பாவுக்கு எதிராக விலை கேட்டவர், கடைத்தெருவே கேட்கிற குரலில் என்னைக் கூப்பிட்டு, "என்ன மதினி, பேத்தியத் தகர டப்பாவோட நிறுத்திட்டீங்க? அண்ணே வச்சிட்டுப் போனது அதுக்குள்ள கரைஞ்சிருச்சா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் உனக்குப் போன் போட்டேன். பின்கட்டில் ஒன்பது பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினேன். உன் மகள் செய்வதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். "ஒன் மக ஏல வாசல்ல நின்னு பிச்சை எடுக்குறா. வந்து கூட்டிட்டுப் போயிரு" என்றேன். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு நீ அன்று ராத்திரி, அவள் வீடு திரும்பின பிறகு, அவளுக்குப் போன் போட்டாய். பிச்சை எடுக்கிறவள் எனக்கு மகளாக இருக்க வேண்டாம் என்றாய். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் போனை வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பத்தா, பிச்சைங்கிற சொல்லு அப்பாவோடதா, உன்னோடதா?"

அப்பு, கரண்டியை எங்கே வைத்தேன் என்று தேடினேன். கரண்டி கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இதைவிட மோசம். அவளை வாசலிலிருந்து இறக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், ஆனால் நான் யாரிடமும் நாய்க்கு என்று கேட்கக் கூடாது. நம் தெருக் கடைகளில் மூட்டைக்கு ஒரு கை காயை மகமைக் கூடையில் போட்டுவைப்பதும், திருவிழாவுக்கு அதைப் பித்தளைக் கூடையோடு போய்க் கேட்டு வாங்கி நான் சாமிக்கு ஏலக்காய் மாலை கட்டுவதும் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நடக்கிறது. அந்தப் பித்தளைக் கூடையை எடுத்துக்கொண்டு, திருவிழா இல்லாத நாளில் கடை கடையாக ஏறினேன். "சாமிக்கா மதினி?" என்றார்கள். "வேற எதுக்கு இந்தக் கூடையத் தூக்கிட்டு வருவேன்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்று படியிறங்கும்போது என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நல்ல பெருவெட்டுக் காய், பச்சை மாறாதது, ஒருவரும் கழிவைப் போடவில்லை. மாலைகளாகக் கட்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பூக்கடை வழியாகக் கல்யாண வீடுகளுக்கு விற்றேன். தாரணியிடம் சீட்டுப் பணம் என்று கொடுத்தேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள். இனி டப்பா வேண்டாம் என்று நான் சொன்னதற்கும் சரி என்றாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் காரியத்தை முடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

சாமிக்குக் கட்டும்போது காயின் நுனி மேலே பார்க்க வேண்டும், மனுசருக்குக் கட்டும்போது கீழே பார்க்க வேண்டும். நம் தெருவில் மாலை கட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஐம்பது வருசமாகச் சாமிக்கு மட்டுமே கட்டின கை, மூளையைக் கேட்காமல் எல்லாவற்றையும் நுனி மேலேயே கட்டிவிட்டது. புதன்கிழமை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கழுத்தில் அந்த மாலை. எதிரே சாப்பிட உட்கார்ந்திருந்தவர் தங்கவேல் அண்ணாச்சி. மறுநாள் காலையில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கேலியும் செய்யவில்லை. "மாப்ள கழுத்துல சாமி மாலை கெடந்துச்சு மதினி. கட்டுனது யாருன்னு தெரியும். எதுக்குக் கட்டுனீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். போன திருவிழாவில் மிஞ்சின காய் என்று நான் அடுத்த பொய்யை எடுத்தேன். உள்ளேயிருந்து தாரணி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் பக்கம் திரும்பி, "லோடு ஆபரேஷனுக்கு, தாத்தா. எனக்கும் இப்பத்தான் தெரியுது" என்றாள்.

அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாக் கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்றாள். கால் வலிக்கிறது என்றேன். "மெதுவாப் போவோம், நானும் வர்றேன்ல" என்றாள். விற்காத மாலைகளை அறுத்துக் காயாக எடுத்துக்கொண்டோம். விற்ற பணம் முழுவதையும் கோயிலில் கட்டிவிடுவது என்று அவளே முடிவு செய்தாள். அப்படியானால் நாளைக்கு ஆபரேஷன் கிடையாது என்று சேவியர் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். சாமி காத்திருக்கும், எலும்பு காத்திருக்காது, முதலில் காலைப் பார்ப்போம் என்று கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. சாமிக்கென்று கொடுத்ததில் லோடுவை நடக்க வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கடையில் உட்கார மாட்டேன், சென்னைக்குத்தான் போவேன் என்று நீ நின்ற அன்றைக்கு உன் மூக்கும் இப்படித்தான் விடைத்திருந்தது.

ஒவ்வொரு கடையிலும் நான் வாயால் சொன்னேன். நாய்க்கு வாங்கினேன், சாமி பெயரில் வாங்கினேன், தப்பு. மூன்றாவது கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். அவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், ஆனால் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவின் மேல் லோடுவின் பெயர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எதற்குக் கேட்கிறோம் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வெயிலில் நின்றவளை நான் பிச்சைக்காரி என்றேன். சாமி பெயரைச் சொல்லி மடியை நிரப்பிக்கொண்டு வந்த என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கடைக்காரர்கள் இன்றுவரை என் முகம் பார்ப்பதில்லை. தங்கவேல் அண்ணாச்சி, கொடுத்த காயை வாங்கி மகமைக் கூடையில் போட்டுவிட்டு, தன் மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளித் தாரணியிடம் நீட்டி, "இது நாய்க்கு. சாமி கணக்குல சேக்காத" என்றார். பின்கட்டில் காய் பொறுக்கும் பேச்சி மட்டும், "ஏ ஆத்தா, கல்யாண மாப்ளைய ஒரே நாள்ல சாமியாக்கிட்டியே, பொண்டாட்டி இனி அவன அடிக்க முடியாதே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

பணம் மறுபடி சேரப் பதினெட்டு நாள் ஆனது. அன்றைக்கு ஜீப்பில் இருந்த பெண்களுக்கு விசயம் தெரிந்து, சனிக்கிழமைக் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து டப்பாவில் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பிறந்ததிலிருந்து நாயைத் தொட்டதில்லை, அன்று அதன் தலை என் மடியில் இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைப்போலச் சுட்டது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் எலும்புவரை போய்விட்டது, இனி பிளேட் வைக்க முடியாது, காலை எடுத்தால்தான் உயிர் என்றார். தாரணி வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். நான் போய்த் தொட்டதும், "நான்தான நாளத் தள்ளிப்போட்டேன்" என்றாள். இல்லையடி, என் பொய்தான் தள்ளிப்போட்டது என்றேன். அவள் பிடிவாதம் சரியா, சேவியர் தம்பி சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விளக்கு வைக்கும்போதெல்லாம் அந்தக் கால் ஞாபகம் வருகிறது. ஒன்று மட்டும் தெரியும். நான் அன்றைக்கு என் பேத்தி பக்கத்தில் போய் நின்று, ஆமாம், எங்கள் வீட்டுப் பிள்ளைதான், போடுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்த நாய் நாலு காலில் நடந்திருக்கும். நீயும் உன் மகளோடு பேசிக்கொண்டிருப்பாய்.

பெங்களூர் வேலையை அவள் விட்டுவிட்டாள். அது உனக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. காலையில் ஏலக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் சேவியர் தம்பி களத்துக்குப் போகிறாள். டப்பா இப்போது தங்கவேல் அண்ணாச்சி கடை மேசையிலேயே இருக்கிறது. நானும் மாலை கட்டுகிறேன், நாய்களின் வைத்தியத்துக்கு என்று சொல்லி வாங்கி, சொல்லி விற்கிறேன். நுனியைக் கீழே திருப்பிக் கட்டக் கை பழகுவதற்கு ஒரு மாதம் ஆனது. இந்த மூன்று மாதத்தில் ஏழு நாய்களுக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது. பார்த்துப் பார்த்து அவளுக்கு அதையே படிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. பேசாமல் இருக்கத்தான் உரிமை கிடையாது. பேசிச் சண்டை போடு, அவளும் போடுவாள், உங்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாகவே வரும்.

பேசாமல் இருந்தால் தானாக ஒரு நாள் சரியாகிவிடும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படி நினைக்க உனக்குக் காரணமும் உண்டு. நீ சென்னைக்குப் போனபோது உன் அப்பா உன்னோடு இரண்டு வருசம் பேசவில்லை. மூன்றாவது பொங்கலுக்கு நீ வந்து உட்கார்ந்தாய், அவர் இலையில் இருந்த வடையை எடுத்து உன் இலையில் வைத்தார், எல்லாம் முடிந்தது. தானாக முடியவில்லை அப்பு. மாதம் தவறாமல் உனக்கு இன்லாண்டு கடிதத்தில் எழுதினேனே, அப்பா உன்னை விசாரித்தார், சாப்பிடுகிறாயா என்று கேட்டார் என்று. அவர் கேட்கவே இல்லை. ஒரு மாதம்கூடக் கேட்கவில்லை. நீ அவரை விசாரித்ததாக அவரிடம் நான் சொன்னதும் பொய்தான், உன் கடிதங்களில் அவர் பேரே இருக்காது. இரண்டு பக்கமும் நானே கேட்டு நானே பதில் சொல்லி இருபத்துநாலு மாதம் ஓட்டினேன். அந்தப் பொய்களுக்காக நான் வருத்தப்பட்டதில்லை, இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் இனி என்னால் அது முடியாது. கடை கடையாக ஏறித் தப்பைச் சொன்னதோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இட்டுக்கட்டிச் சொல்ல, எனக்குப் பிறகு யாரும் இல்லை.

அதனால் இனி எழுதப் போவதை நீ நம்ப வேண்டும். பக்கத்தில் பேச்சியும் இருந்தாள், கேட்டுக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை தாரணி எனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக உன் பேச்சையே எடுக்காதவள், திடீரென்று கேட்டாள்.

"அப்பாவுக்கு இப்ப நரைச்சிருச்சா அப்பத்தா?"

"ஏன்டி கேக்குற?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நீ இந்தப் பக்கம் வந்து ஒன்றரை வருசம் ஆகிறது. பெற்ற மகனுக்கு நரைத்ததா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நரைத்திருக்கும், உன் தாத்தாவுக்கும் அந்த வயதில்தான் நரைத்தது என்று அவளிடம் எதையாவது சொல்லி வைத்திருக்கலாம். நான் சொல்லவில்லை, தெரியாது என்றேன். அன்றிலிருந்துதான் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் லீவு இல்லை என்பாய். போன் போடத் தயக்கமாக இருந்தால் இதையாவது செய். ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அதை அவள் ஒரு நொடி பார்த்து விரலால் தள்ளிவிடுவாள், நீயும் அனுப்பியாயிற்று என்று இருந்துவிடுவாய். நரைத்திருந்தால் மை பூசிக்கொண்டு போகாதே. உறையை நீயே ஒட்டு. மேலே என் பெயரை எழுதாதே அப்பு, அவள் பெயரை எழுது.